வழுவும் வழுவமைதியும்

பூண்டுலோயாவின் பெயர் உலகத்து அறிவியல் நூல்களில் ஏறியது தேயிலையினால் அன்று, பூச்சியினால். எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்ற தோட்டத்துரை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரில் இருந்தபடி, இலையிலும் தண்டிலும் ஒட்டிக்கிடந்து சாறுறிஞ்சும் செதிற்பூச்சிகளைச் சேகரித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து வரைந்தார். இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1896 தொடக்கம் 1922 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. மாதிரி எடுக்கப்பட்ட இடம் என்ற குறிப்பில் எங்கள் ஊர் அதில் அடிக்கடி வருகிறது. அதே காலத்தில் அதே மலையில் கொழுந்து பறித்தவர்களின் பெயரை எந்த நூலில் தேடுவது என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்; சற்றுப் பொறுத்து அதற்கு வருவோம்.

ஆங்கிலத்தில் பூச்சியையும் இயந்திரத்தின் குறையையும் ஒரே சொல்லால் வழங்குவர். தோமஸ் எடிசன் 1878இலேயே தம் கடிதமொன்றில் அவ்வாறு எழுதியிருக்கிறார். 1947 செப்டெம்பர் 9ஆம் நாள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி ஒன்றினுள் அகப்பட்ட அந்துப்பூச்சியை அங்கிருந்தோர் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்தனர். தமிழில் கணினியைப் பற்றி எழுத முற்பட்டோர் பூச்சி என்று பெயர்க்காமல் ‘வழு’ என்றனர். எவர் முதலில் இச்சொல்லை எடுத்தாரோ, அவர் தம்மையறியாமலே ஓர் அறவியல் விவாதத்தையும் சேர்த்து எடுத்துவந்தார் என்பது என் எண்ணம். ஏனெனில் நம் இலக்கணத்தில் வழு தனித்து நிற்பதில்லை. வழாநிலை, வழு என்னும் இரண்டுக்கும் அப்பால் வழுவமைதி என்று மூன்றாவது ஒன்று உண்டு. பசுவைப் பார்த்து ‘அம்மா வந்தாள்’ என்பது திணைவழு. எனினும் அன்பின் மிகுதியால் அவ்வாறு சொன்னால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்டபின்னும் அதை வழாநிலை என்று பொய் கூறுவதில்லை. குறை குறைதான்; இன்ன காரணத்தால் அதை இருக்க விடுகிறோம் என்று எழுதிவைக்கிறது.

குறையைத் திருத்துகிறவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? சரியான வடிவத்துக்கா, அக்குறையின் நிழலில் குடியிருப்பவனுக்கா? இக்கேள்வியை நான் ஒரு பள்ளிக் கணினி அறையில் எதிர்கொண்டேன்.

வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிகணினிகள் சில எங்கள் பாடசாலைக்கு நன்கொடையாக வந்தன. விலைகொடுத்து வாங்கும் இயங்குதளம் அவற்றுக்குக் கட்டாது; ஆகவே கட்டற்ற மென்பொருளை நிறுவினோம். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவி ஒருத்தி, தன் செயற்றிட்டத்தை வகுப்புக்குக் காட்டுவதற்காக ஒளியெறிகருவியை இணைத்தாள். காட்டி முடித்துக் கம்பியைக் கழற்றியதும் திரை முழுவதும் அணைந்தது. திறந்திருந்த எல்லாச் சாளரங்களும் போயின. சேமிக்காதிருந்த அவளுடைய இரண்டு மணி நேர உழைப்பும் போயிற்று. “சேர், நான் என்ன பிழை செய்தேன்?” என்று கேட்டாள். அவள் செய்த பிழை எதுவுமில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அது எங்கேயென்று சொல்ல வேண்டுமானால் திரை எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கணினித் திரையில் ஒரே காட்சியாகத் தெரிவது உண்மையில் ஒரே காட்சியன்று. கடிதம் எழுதும் செயலி தன் சாளரத்தைத் தனியே ஒரு தாளில் வரைகிறது. படம் காட்டும் செயலி வேறொரு தாளில் வரைகிறது. அத்தாள்களை வாங்கி, எது மேல், எது கீழ், எது எவ்வளவு பெரிது என்று தீர்மானித்து, ஒன்றாக அடுக்கித் திரைக்கு அனுப்பும் நிரல் ஒன்று உண்டு. அதைத் திரைத்தொகுப்பி என்று அழைப்போம். பெரும்பாலான திரைகளில் நொடிக்கு 60 முறை, அதாவது ஏறத்தாழ 17 மில்லிநொடிக்கு ஒரு முறை, இவ்வேலை நடைபெறுகிறது. பாதி பழைய காட்சியும் பாதி புதிய காட்சியுமாகக் கிழிந்த சட்டகம் ஒன்றேனும் கண்ணில் படலாகாது என்பது அதன் தருமம். செவ்வனே நடந்தால் அப்படியொரு நிரல் இருப்பதே எவருக்கும் தெரியாது. கான்வெட்டுகிறவரின் வேலையும் இத்தகையதே. பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிடலாம். கான் துப்புரவாக இருந்ததனால் மழையில் கரையாமல் நின்ற மண்ணை எந்தத் தராசில் நிறுப்பது?

திரைத்தொகுப்பி ஒவ்வொன்றையும் அடியிலிருந்து எழுதுவது வீண் உழைப்பு என்பதால், பொதுவான பகுதிகளைத் திரட்டி நிரலகம் ஒன்றாக வைத்துக்கொள்வர். 2008இல் கிறிஸ்தியன் ஹொக்ஸ்பெர்க் என்பவர் தொடங்கிய வேலண்ட் என்னும் புதிய திரைநெறியின்மேல் அமைந்த அத்தகைய நிரலகம் டபிள்யூஎல்ரூட்ஸ். (வேலண்ட் என்பது அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஊரொன்றின் பெயர். ஸ்கொட்லாந்து மலையொன்றின் பெயரைத் தாங்கிய டன்சினேன் தோட்டத்தின் பக்கத்தில் வாழும் எங்களுக்கு இப்படி ஊர்விட்டு ஊர் வந்த பெயர்கள் புதியனவல்ல.) 2017இல் ட்ரூ டெவோல்டும் வேறு சிலரும் தொடங்கிய இந்நிரலகத்தை எவரும் எடுத்தாளலாம். கைப்பேசியில் கட்டற்ற மென்பொருளை ஓட்ட முயல்வோரும், தங்களுக்கென்று சிறு பணிமேடை அமைத்துக்கொள்வோரும், கையடக்க விளையாட்டுப் பொறியை விற்கும் பெரு நிறுவனமும் அதன்மேல் கட்டியிருக்கின்றனர்.

கம்பியைக் கழற்றியதும் நேர்ந்த விபத்து இத்தகைய நிரல்களில் அடிக்கடி காணப்படும் ஒரு வகையைச் சேர்ந்தது. லயத்துக் காம்பிரா ஒன்றை ஒரு குடும்பம் காலி செய்துவிட்டது. வேறொரு குடும்பம் வந்து குடியேறிவிட்டது. ஆனால் செக்ரோலில் பழைய பெயரும் பழைய காம்பிரா இலக்கமும் அப்படியே உள்ளன. பிரட்டுக்களத்தில் பழைய பெயரைக் கூப்பிட்டால் மௌனம் நிலவும், அவ்வளவே. நிரலோ கூப்பிடுவதோடு நில்லாது. பழைய இலக்கத்தை நம்பி அந்தக் காம்பிராவுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் புதிய குடும்பத்தின் பானை சட்டியைத் தன்னுடையவை என்று இடம் மாற்றத் தொடங்கிவிடும். திரை கழற்றப்பட்டது, அதற்கென ஒதுக்கிய நினைவகம் விடுவிக்கப்பட்டது, ஆயினும் அத்திரைக்குச் செய்தி அனுப்பவேண்டிய பகுதி ஒன்று பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. இவ்வகை வழுவைத் திருத்துவதில் அறச்சிக்கல் எதுவுமில்லை. அதன்மேல் எவரும் வாழ்க்கையைக் கட்டியிருக்க முடியாது. கண்டதும் களைய வேண்டியதுதான்.

இடைமுகத்தைச் செப்பனிடுவது அப்படியன்று. இடைமுகம் என்பது இரு நிரல்கள் செய்துகொண்ட வாக்கு: இப்படிக் கேட்டால் இப்படித் தருவேன் என்பது. வாக்குக் கொடுத்தவருக்கு வாக்கைப் பெற்றவரின் முகமே தெரியாது. அவர் ஜெர்மனியில் இருக்கலாம், பூண்டுலோயாவில் இருக்கலாம், எழுதிவைத்துவிட்டு இறந்தும் போயிருக்கலாம். அவ்வாறிருக்க, வாக்கு குறையுடையது என்று பின்னர் தெரியவந்தால் என்ன செய்வது?

நல்ல எடுத்துக்காட்டு ஒன்றை முதலில் கூறுகிறேன். வேலண்டில் திரையின் உருப்பெருக்கத்தை முழு எண்ணாக மட்டுமே செயலிகளிடம் சொல்லமுடியும் என்றிருந்தது. ஒன்று, அல்லது இரண்டு. எங்கள் மடிகணினிகளுக்கு ஒன்று சிறிது, இரண்டு பெரிது, ஒன்றேகால் வேண்டும். அவ்வாறு வைத்தால் செயலி இரண்டு மடங்காக வரையும். தொகுப்பி அதைச் சுருக்கும். சுருங்குகையில் எழுத்தின் ஓரம் கலங்கும். ஆங்கில எழுத்தின் நேர்கோடுகள் அக்கலக்கத்தை ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன. ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழி ஒன்றுதான் வேறுபாடாக உள்ள நமக்கு அது தாங்காது. 2022இன் இறுதியில் பின்ன உருப்பெருக்கத்துக்கென ஒரு நெறி சேர்க்கப்பட்டது. அதில் அளவு 120இல் ஒரு பங்காகச் சொல்லப்படுகிறது. ஒன்றேகால் என்பது 150 பங்கு. அரை, கால், மூன்றிலொன்று, ஐந்திலொன்று எல்லாம் மீதியின்றி அடங்கும் எண் அது. இங்கே கவனிக்கத்தக்கது எண்ணின் அழகன்று. பழைய முழு எண் வழியை அவர்கள் மூடவில்லை. புதிய நெறியை அறிந்த செயலியின் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது. அறியாத பழைய செயலி முன்போலவே கலங்கலாக, ஆனால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் தெருவில் விடப்படவில்லை.

கசப்பான எடுத்துக்காட்டும் அதே வேலண்டிலேயே உண்டு. அதற்கு முன்பிருந்த எக்ஸ் என்னும் திரைமுறை 1984இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பிறந்தது. அதன் பதினோராம் வடிவம் 1987இல் வந்து பல பத்தாண்டுகள் நிலைத்தது. அதில் பெருங்குறை ஒன்று இருந்தது. ஒரே திரையில் உள்ள எந்தச் செயலியும் வேறெந்தச் செயலியில் தட்டப்படும் விசைகளையும் ஒட்டுக்கேட்கலாம்; நீங்கள் கடவுச்சொல் அடிக்கும்போது பக்கத்துச் செயலி அதைக் குறித்துக்கொள்ளலாம். இதை வழு என்று எவர்தான் சொல்லமாட்டார்? வேலண்ட் அந்தச் சுவர்த்துளையை அடைத்தது. செயலி தனக்குரியதை மட்டுமே கேட்கும்.

ஆனால் அத்துளையின் வழியாக வெளிச்சம் பெற்றவர்களும் இருந்தனர். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான், எந்தச் சாளரம் திறந்திருந்தாலும் பயனர் தட்டும் கட்டளை விசையைக் கேட்டாக வேண்டும். துளையை அடைத்ததும் அதற்குக் காது அடைத்துப்போயிற்று. தமிழை ஒலிப்பு முறையில் தட்டச்சுச் செய்யும் உள்ளீட்டுக் கருவிகளுக்கும் புதிதாக வாயில் அமைக்க வேண்டியதாயிற்று. 2016 நவம்பரில் பெடோரா என்னும் இயங்குதளம் தன் முதன்மைப் பணிமேடைக்கு வேலண்டையே இயல்பாக்கிற்று. திரைவாசிப்பானின் குறைகள் ஒவ்வொன்றாகச் சீர்படவோ ஆண்டுகள் பல சென்றன. புதிய முறை தவறு என்று நான் கூறவில்லை, அது தேவையே. துளையை அடைப்பதற்கு முன் எவருடைய கை அதில் இருக்கிறது என்று பார்த்தார்களா என்பதே என் வினா. கூட்டத்தில் உரத்துப் பேசுவோரின் தேவைகள் முதலில் நிறைவேறின. திரைவாசிப்பானை நம்பியிருந்தோர் தொகையில் சிலர். அவர்கள் குறையைத் தெரிவிக்க வேண்டிய கருவியே பழுதாயிருந்தது.

தேயிலை மலைக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. கொழுந்தைச் சுருட்டித் தின்னும் புழு ஒன்று முன்னர் இலங்கைத் தோட்டங்களைப் பெரிதும் வருத்தியது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த சிறு ஒட்டுண்ணிக் குளவி அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அடக்கிவைத்தது. இருபது ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தபின் அக்குளவி இருப்பதையே மறந்துவிட்டார்கள் போலும். 1950களின் பிற்பகுதியில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். அந்நஞ்சினால் குளவி மடிந்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. தெளித்தவர் தம் கண்ணெதிரே இருந்த குறையைத்தான் திருத்தினார். அக்குறைக்கும் குளவிக்கும் உள்ள உறவு அவருடைய கணக்கேட்டில் எழுதப்படவில்லை.

எழுதப்படாத உறவுகளைச் சட்டமும் அறுத்திருக்கிறது. அரசுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள இடைமுகந்தான் குடியுரிமை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை அல்லது பாட்டன் வழியில் இந்நாட்டுப் பிறப்பை நிறுவுமாறு கேட்டது. தோட்டத்து மக்களில் எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? இல்லாத கடதாசியைக் கேட்டதன்மூலம், எவரையும் பெயர் சொல்லி விலக்காமலே ஒரு சமூகத்தை விலக்க முடிந்தது. 1949இல் வாக்கும் போயிற்று. 1964 அக்டோபர் 30இல் செய்துகொண்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்ணாக்கி, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. இடையே 55 ஆண்டுகள். நிரலின் குறையையும் மக்களின் நாடின்மையையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று வாசகர் கோபிக்க வேண்டாம். வேறுபாடு பெரிது: திரைநெறியை மாற்றியோர் அறியாமையால் சிலரை விட்டனர், சட்டம் இயற்றியோர் அறிந்தே விட்டனர். விடப்பட்டவன் வாசலில் நின்று கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றே. நேற்றுவரை செல்லுபடியான நான் இன்று எப்படிச் செல்லாதவனானேன்?

அப்படியாயின் எதையுமே மாற்றலாகாதா? லினக்ஸ் கருவைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏறத்தாழ அவ்வாறே கூறுவார். கருவில் செய்த மாற்றத்தால் பயனரின் செயலி முறிந்தால், குற்றம் கருவினுடையதே என்பது அவர் கொள்கை. 2012இன் இறுதியில் இதை மீறிய உடன்பணியாளர் ஒருவருக்கு அவர் எழுதிய மடலின் கடுமை இன்றும் பேசப்படுகிறது. கடுஞ்சொல்லை நான் ஆதரியேன்; கொள்கையை மதிக்கிறேன். ஆயினும் அதை எங்கும் விதியாக்கினால் எக்ஸ் முறைக்கு நேர்ந்ததே நேரும். பழைய வாக்குகளைச் சுமந்து சுமந்து, திருத்துவோர் ஒவ்வொருவராக விலகிப்போக, யாரும் தொட அஞ்சும் பொருளாய்விடும்.

கவ்வாத்துச் செய்யாத தேயிலை மரமாகிவிடும் என்பதை எங்கள் ஊர்ச் சிறுவரும் அறிவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கட்டையாக வெட்டியே ஆகவேண்டும். வெட்டியபின் சில மாதங்கள் அதில் கொழுந்து இராது. ஆனால் எந்தத் தோட்டமும் எல்லா மலையையும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. இவ்வாண்டு இந்த மலை, அடுத்த ஆண்டு அந்த மலை என்று முறைவைத்தே வெட்டுவர். ஒன்று மொட்டையாய் நிற்கையில் மற்றொன்று கொழுந்து தரும். டபிள்யூஎல்ரூட்ஸ் தன் இடைமுகம் நிலையானது என்று வாக்களித்ததில்லை. பதிப்புக்குப் பதிப்பு மாற்றுகிறது, எது முறிந்தது என்பதை வெளிப்படையாகக் குறித்தும் வைக்கிறது. நெடுங்காலம் அதில் இருந்த இடர், ஒரு கணினியில் ஒரு பதிப்புக்கே இடம் என்பது. புதியது வந்தால் பழையதை நம்பிய திரைத்தொகுப்பி விழுந்தது. 2024இல் வெளிவந்த 0.18ஆம் பதிப்பு முதல் பதிப்பெண்ணையும் பெயரிலேயே சேர்த்து, பழையதும் புதியதும் அருகருகே இருக்க வழி செய்தனர். மலைக்கு மலை கவ்வாத்து என்பது இதுவே. வழுவமைதிக்கும் இதுதான் பொருள் என்று கொள்கிறேன்: குறையைக் குறையென்றே எழுதிவை, அதன் நிழலில் இருப்பவர் யாரென்றும் எழுதிவை, அவருக்கு மாற்றுக் கூரை எழும்வரை இடிக்காதே.

இதற்கெல்லாம் காலமும் ஆளும் வேண்டும். இங்கேதான் நம் தோழர்கள் சிலர் கட்டற்ற மென்பொருளை அளவுமீறிப் புகழ்வது எனக்கு உறுத்துகிறது. பொதுவுடைமை போன்று தோன்றும் இக்களத்தில் பலர் கூலியின்றி உழைக்க, அவ்வுழைப்பைக் கொண்டு பொருளீட்டும் நிறுவனங்கள் அதில் எவ்வளவைத் திருப்பித் தருகின்றன என்பதை எந்த உரிமமும் கேட்பதில்லை. எக்ஸ்இசட் என்னும் சுருக்க நிரலகத்தைத் தனியொருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த வேளையில் உதவுவதாக வந்து நம்பிக்கை பெற்ற ஒருவர் அதனுள் கள்ளவாயில் வைத்தார். 2024 மார்ச்சில் பொறியாளர் ஒருவர் தம் கணினியில் நுழைகையில் அரை நொடி தாமதம் ஏற்படுவதைக் கவனித்ததனால்தான் அது வெளிப்பட்டது. பிறருக்குக் கடன்பட்டவன் திருத்துகிறவன் மட்டுமல்லன்; திருத்தத்தின்மேல் வீடு கட்டியவனும் அவனுக்குக் கடன்பட்டவனே. தெரியாதவருக்கு வாக்களித்தவனின் களைப்பை, வாக்கைப் பெற்றவர் எப்போதாவது விசாரித்தார்களா?

கிரீனின் நூலில் இடம்பெறாத பெயர்களைப் பற்றிய கேள்வியை முதலில் ஒதுக்கிவைத்தேன். கட்டற்ற நிரல்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மாற்றம் ஒவ்வொன்றிலும் மாற்றியவரின் பெயர் நிற்கும். குறையை அறிவித்தவரின் பெயரையும் பலர் சேர்த்து எழுதுவர். இதை அந்த மாணவியிடம் சொன்னேன். குறையை எவ்வாறு அறிவிப்பது என்று கேட்டாள். நான் செய்தது இது, நேருமென்று நினைத்தது இது, நேர்ந்தது இது என்ற மூன்றையும் எழுதினால் போதும் என்றேன். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சப்பட்டாள். முதலில் தமிழில் எழுதவைத்து, பிறகு இருவரும் சேர்ந்து பெயர்த்தோம். ஒளியெறிகருவியை மும்முறை கழற்றி, மும்முறையும் திரை அணைவதை உறுதிசெய்துகொண்டு அனுப்பினாள்.

நான்காம் நாள் எந்த நாட்டினர் என்று தெரியாத ஒருவரிடமிருந்து விடை வந்தது. நன்றி கூறி, கம்பியைக் கழற்றும் தருணத்தில் நிரல் எழுதும் பதிவை அனுப்பமுடியுமா என்று கேட்டிருந்தார். அன்று பிற்பகல் தோட்டத்தில் மின்சாரம் இல்லை. மறுநாள் காலை பாடசாலை தொடங்குவதற்கு அரை மணி முன்னதாகவே அவள் வந்து, கணினி அறையின் சாவியைக் கேட்டு நின்றாள்.